ஓலைப்பெட்டியும் துளையிட்ட உறையும்: திருமயம் வட்டாரத்தில் உணவுப் பொதியின் வரலாறு

பறித்த காய்க்கு உயிர் உடனே போய்விடுவதில்லை. செடியை விட்டு வந்த பிறகும் கத்தரிக்காயும் வெற்றிலையும் மல்லிகை மொட்டும் பிராணவாயுவை உள்ளிழுத்து, கரியமில வாயுவையும் நீராவியையும் வெப்பத்தையும் வெளியே விட்டுக்கொண்டே இருக்கின்றன. வெப்பநிலை 10 டிகிரி கூடினால் இந்த மூச்சின் வேகம் ஏறக்குறைய இரண்டிலிருந்து மூன்று மடங்காகிறது. வாடுவது, அழுகுவது, பூசணம் பிடிப்பது எல்லாம் இதைச் சுற்றியே நடக்கின்றன. காற்று அதிகம் பட்டால் நீர் போய்ச் சுருங்கும். காற்றே படாவிட்டால் தன் ஈரத்திலேயே புழுங்கி அழுகும். இரண்டுக்கும் நடுவே பொருளை நிறுத்துவதுதான் பொதியின் வேலை. புதுக்கோட்டை மாவட்டத்துத் திருமயம் போன்ற வறண்ட, வெயில் மிகுந்த வட்டாரத்தில் குளிர்பதனப் பெட்டி வருவதற்குப் பல தலைமுறைகள் முன்பே இந்தச் சிக்கலுக்கு வழி தேட வேண்டியிருந்தது. பனை ஓலை, வாழை மட்டை, மூங்கில், வைக்கோல், சுட்ட மண் ஆகியவை அந்தத் தேடலில் கைக்கு எட்டிய பொருள்கள்.

திருமயம் புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடி செல்லும் சாலையில் சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. வெளியூரார் அதை 1687-இல் கிழவன் சேதுபதி கட்டிய கோட்டையாலும், ஒரே பாறையைக் குடைந்து எழுந்த சிவன், பெருமாள் கோயில்களாலும் அறிவர். ஆனால் கோட்டையின் உச்சியில் நின்று பார்த்தால் தெரியும் நிலம்தான் இந்த வரலாற்றுக்கு முக்கியம். பெரிய ஆற்றுப் பாசனம் இல்லாத மேட்டுப்பூமி, மழைநீரைத் தேக்கும் கண்மாய்கள், கரைகளிலும் புன்செய் வரப்புகளிலும் பனைகள். சுற்றிலும் இராயவரம், கோனாபட்டு, கடியாபட்டி, பனையப்பட்டி, விராச்சிலை எனச் செட்டிநாட்டின் வடக்கு ஓரத்து நகரத்தார் ஊர்கள். ஓலை தரும் மரமும் இங்கேயே இருந்தது. ஓலைப்பெட்டிகளைச் சீர்வரிசைக்காக நிறையப் புழங்கும் வீடுகளும் இங்கேயே இருந்தன.

பனையில் எல்லா ஓலையும் ஒரே வேலைக்கு ஆகாது. விரியாத குருத்தோலை வெளிறியது, மென்மையானது; சாயம் ஏற்றவும் நுணுக்கமாகப் பின்னவும் அதுவே ஏற்றது. விரிந்து முற்றிய சாரோலை பாய்க்கும் பெரிய பெட்டிக்கும் போகும். வெட்டிய ஓலையை வெயிலில் உலர்த்தி, ஈர்க்கை நீக்கி, வேண்டிய அகலத்தில் கிழித்து, தண்ணீர் தெளித்துப் பதப்படுத்திய பிறகே முடைவார்கள். பதம் தவறினால் மடிக்கும் இடத்தில் ஓலை முறியும். சுமை தாங்க வேண்டிய கடகத்துக்கு ஓலையின் மேல் பனை மட்டையிலிருந்து உரித்த நாரைக் கொண்டு பொத்தி, வாயையும் நாராலேயே கட்டுவார்கள். பாக் நீரிணைக்கு அக்கரையில் யாழ்ப்பாணத்திலும் இதே பெயரில், ஏறக்குறைய இதே முறையில் கடகம் இழைக்கப்படுகிறது.

இப்படி முடைந்த பெட்டி உணவைக் காப்பதற்குக் காரணம் இரண்டு. ஓலையின் மேற்பரப்பில் இயற்கையாகவே மெழுகுப் பூச்சு உண்டு. அதில் நீர் சட்டென்று ஊறாது. ஆனால் கீற்றும் கீற்றும் குறுக்கே மடியும் இடங்களில் கண்ணுக்குத் தெரியாத இடுக்குகள் இருக்கின்றன. அவற்றின் வழியே நீராவியும் வெப்பமும் வெளியேறுகின்றன. உள்ளே ஈரம் கூடும்போது உலர்ந்த நார் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும், வெளிக்காற்று காய்ந்திருக்கும்போது அதைத் திருப்பி விடும். இதனால் உள்சுவரில் நீர்த்துளி கோத்துப் பொருளின் மேல் சொட்டுவதில்லை. பூசணத்துக்குத் தேவை அந்தத் துளிதான்.

கருப்பட்டியைப் பார்த்தால் இது விளங்கும். கருப்பட்டி காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கசியும் பண்புடையது. தென்மாவட்டங்களில் அதை ஓலைக் கொட்டானில் போட்டு அடுப்புக்கு மேலே உள்ள பரணில் வைப்பது வழக்கம். அடுப்பின் சூடும் புகையும் ஓலை வழியே உள்ளே போய்க் கட்டியை உலர்வாக வைத்தன. புகை பூச்சிகளையும் விரட்டியது. தகர டப்பாவில் அடைத்திருந்தால் அந்தச் சூடு உள்ளேயே ஈரத்தைக் கிளப்பியிருக்கும். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களின் கருவாட்டுக்கும் ஓலைக் கூடையும் ஓலைப்பாயும் ஏற்ற பொதிகளாக இருந்தது இதே காரணத்தால்தான்.

ஈரம் வேண்டிய பொருள்களுக்கு முறையே வேறு. வெற்றிலை, பூ, கீரை மூன்றும் ஓலைப்பெட்டியில் சில மணி நேரத்தில் துவண்டுவிடும். அவற்றுக்கு வாழை வேண்டும். வாழைத் தண்டைச் சுற்றியுள்ள மட்டையின் உள்ளே காற்றறைகள் வரிசையாக இருக்கின்றன. சதைப் பகுதியில் நீர் நிறைய உண்டு. அந்த மட்டையில் கட்டிய பொருளுக்கு மெதுவாகக் குளிர்ந்த ஈரம் கிடைத்துக்கொண்டே இருக்கும், வெளிச்சூடும் எளிதில் ஏறாது. வெற்றிலைக் கவுளிகளை வாழை மட்டைக்குள் அடுக்கித் தண்ணீர் தெளிப்பதும், தொடுத்த மல்லிகையை வாழை இலையிலோ தாமரை இலையிலோ மடித்து நாரால் கட்டுவதும் இன்றைக்கும் தமிழ்நாட்டின் எந்தச் சந்தையிலும் பார்க்கக்கூடியவை.

மண்பானை இந்த வரிசையில் தனி இடம் பெறும். ஐயனாருக்குச் சுடுமண் குதிரை செய்து வைத்த புதுக்கோட்டை வேளார்களின் அன்றாட வரும்படி அந்தக் குதிரைகளிலிருந்து வரவில்லை. பானை சட்டிகளிலிருந்து வந்தது. மெருகிடாத பானையின் நுண்துளைகளில் கசியும் நீர் ஆவியாகும்போது பானையின் சூட்டைக் கொண்டுபோகிறது. மண்சட்டியில் உறைந்த தயிர் கெட்டியாக இருப்பதும் சட்டி கொஞ்சம் நீரை இழுத்துக்கொள்வதால்தான்.

காற்றை விடுவது மட்டுமல்ல, தேவைப்பட்டால் அடைப்பதும் அந்தத் தலைமுறையினருக்குத் தெரிந்திருந்தது. மாங்காயை வைக்கோலுக்குள் புதைத்துப் பழுக்க வைத்தார்கள். வாழைத்தாரை மூடிய அறையில் அடுக்கிப் புகைமூட்டம் போட்டார்கள். பழுக்கும் பழமே எத்திலீன் என்ற வாயுவை வெளியிடுகிறது, அது பக்கத்துப் பழங்களையும் பழுக்கத் தூண்டுகிறது. பழம் இந்த வாயுவை உண்டாக்குவதை இங்கிலாந்தில் ஆர். கேன் என்பவர் 1934-இல் உறுதிசெய்தார். புகையிலும் எத்திலீன் உண்டு. சின்ன வெங்காயத்துக்கு நேர் எதிரான ஏற்பாடு: திண்டுக்கல், பெரம்பலூர் பக்கத்தில் அதைக் காற்றோட்டமான பட்டறையில் சேமிப்பார்கள்.

இந்தப் பழைய முறைகளை மிகைப்படுத்திப் பேசுவது இப்போது வழக்கமாகிவிட்டது. அவற்றின் எல்லை சிறியது. ஓலைப்பெட்டி எலியைத் தடுக்காது. மழையில் நனைந்தால் தானே பூசணம் பிடிக்கும். மேலே பாரம் ஏற்றினால் நசுங்கும். பச்சை மீனை அது ஒரு வேளைக்கு மேல் காப்பாற்றியதில்லை. உள்ளே எவ்வளவு காற்று போகிறது என்பதைக் கூட்டவோ குறைக்கவோ வழியில்லை. காலையில் பறித்து மாலைக்குள் விற்கும் வாரச்சந்தைப் பொருளாதாரத்துக்கு அது போதும், அவ்வளவே.

பொதி என்ற நிலையைத் தாண்டி ஓலைப்பெட்டியைக் கலைப்பொருளாக்கியவர்கள் நகரத்தார் வீட்டு ஆச்சிமார்கள். சாயமேற்றிய குருத்தோலையால் சின்னஞ்சிறு அளவிலிருந்து பெரிய அளவு வரை கொட்டான்களைப் பின்னி, கல்யாணச் சீரிலும் சடங்குகளிலும் பண்டங்கள் வைத்துக் கொடுத்தார்கள். ஆண்கள் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்கப் போயிருந்த காலத்தில் பெரிய வீடுகளில் இது பெண்களின் ஓய்வுநேரக் கைவேலை. எவர்சில்வரும் பிளாஸ்டிக்கும் வந்தபின் கொட்டான் பின்னத் தெரிந்தவர்கள் முதியவர்களாக மட்டும் எஞ்சினார்கள். விசாலாட்சி ராமசாமி நிறுவிய எம்.ஆர்எம்.ஆர்எம். பண்பாட்டு அறக்கட்டளை, பழைய கொட்டான்களை மாதிரியாக வைத்துச் செட்டிநாட்டுக் கிராமப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து இந்தக் கைவினையை மீட்டது. செட்டிநாடு கொட்டானுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

மாற்றத்தை முதலில் கொண்டுவந்தது பிளாஸ்டிக் அல்ல, தூரம். திருச்சியிலிருந்து புதுக்கோட்டை வழியாக மானாமதுரை செல்லும் ரயில் பாதை 1929, 1930 ஆண்டுகளில் திறக்கப்பட்டது. திருமயமும் அந்தப் பாதையில் ஒரு நிலையம் பெற்றது. பின்னர் லாரி வந்தது. விளைபொருள் நாள்கணக்கில் பயணம் செய்யத் தொடங்கியதும் மூங்கில் கூடையும் சணல் சாக்கும் ஓலையின் இடத்தைப் பிடித்தன. இரண்டும் காற்று புகுபவைதான் என்றாலும், அவை தேர்ந்தெடுக்கப்பட்டது ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்ற முடிந்ததால்.

பாலிஎத்திலீன் 1933-இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவன ஆய்வகத்தில் எதிர்பாராமல் உருவானது. கைப்பிடியோடு ஒரே துண்டாக வரும் பைக்கு 1965-இல் சுவீடனின் செல்லோபிளாஸ்ட் நிறுவனம் காப்புரிமை பெற்றது. எடை இல்லை, விலை இல்லை, நனையாது, கிழியாது; தமிழ்நாட்டுக் காய்கறிக் கடைகள் இதை மறுக்கக் காரணமே இல்லை. ஆனால் இந்தத் தாளில் நீராவி மிகக் குறைவாகவே கடக்கும். முடிச்சுப் போட்ட பைக்குள் கத்தரிக்காய் மறுநாள் வியர்த்துக் கிடப்பதும், கீரை கொழகொழப்பதும் அதனால்தான். பிராணவாயு 1 அல்லது 2 சதவீதத்துக்குக் கீழே போனால் காய் புளிப்பேறி, சாராய வாடை அடிக்கத் தொடங்கும்.

மேலை நாடுகளில் இதற்குள் வேறொரு வழி கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. கேம்பிரிட்ஜில் பிராங்க்ளின் கிட், சிரில் வெஸ்ட் இருவரும் 1920-களில் ஆப்பிள் கிடங்கின் காற்றில் பிராணவாயுவைக் குறைத்துக் கரியமில வாயுவைக் கூட்டினால் பழம் நெடுநாள் தாங்குவதைக் காட்டினார்கள். சாதாரணக் காற்றில் பிராணவாயு 21 சதவீதம். பல காய்கனிகளுக்கு அதை 3 முதல் 5 சதவீதத்துக்கு இறக்கினால் மூச்சு மந்தமாகும், நிற்காது. கிடங்குக்குச் செய்ததைப் பைக்குள் செய்யும் முயற்சியில்தான் நுண்துளையிட்ட உறைகள் பிறந்தன. தலைமயிரின் கனத்தை ஒத்த துளைகளை லேசர் கொண்டு இட்டு, உள்ளே இருக்கும் காயின் மூச்சுக்கு ஏற்ப அவற்றின் எண்ணிக்கையைக் கணக்கிடுகிறார்கள். ஓலை முடைந்தவர்களுக்குக் கிட்டாத கட்டுப்பாடு இதில் இருக்கிறது. ஆனால் தாள் பெரும்பாலும் அதே பிளாஸ்டிக், மக்காது.

மக்கும் பொருளில் இதே கட்டுப்பாட்டைக் கொண்டுவருவதே இப்போதைய ஆய்வுகளின் இலக்கு. மக்காச்சோள மாவுப்பொருளிலிருந்து பெறப்படும் பாலிலாக்டிக் அமிலத் தாள் பாலிஎத்திலீனைவிட நீராவியை அதிகம் விடும். ஆனால் அது மக்குவதற்கு ஆலை உரக்கிடங்கில் ஏறக்குறைய 60 டிகிரி சூடு தேவை, கொல்லைக் குப்பைக்குழியில் அது கிடைக்காது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தோடும் இலங்கையின் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனத்தோடும் சேர்ந்து, கனடா அரசின் நிதியில், ஹெக்சனால் என்ற இயற்கைப் பொருளைச் சோதித்தது. தாவரங்களே உண்டாக்கும் இந்தச் சேர்மம், பழத்தின் உயிரணுச் சவ்வைச் சிதைக்கும் நொதியை மந்தப்படுத்துகிறது. மாம்பழத்தில் தெளிப்பாகப் பயன்பட்ட அது, வாழைத்தண்டு நாரால் செய்த பொதிகளிலும் ஏற்றிப் பார்க்கப்பட்டது. வெற்றிலைக்காரர்கள் நம்பிய மரமே இங்கே ஆய்வகத்துக்கும் மூலப்பொருளாகியிருக்கிறது.

தமிழ்நாடு அரசு 2018 ஜூன் 5 அன்று அறிவித்த ஒருமுறைப் பயன்பாட்டுப் பிளாஸ்டிக் தடை 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்தில் பால், எண்ணெய், மருந்து போன்றவற்றின் பொதிகளுக்கு விலக்கு இருந்தது. தடையின் முதல் மாதங்களில் இறைச்சிக் கடைகள் சிலவற்றில் தேக்கிலையும் ஓலைப்பெட்டியும் மறுபடி தலைகாட்டின. தட்டுப்பாடும் விலையும் அவற்றை நெடுநாள் நிற்க விடவில்லை. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் துணிப்பையை முன்வைத்தது. துணி காற்று விடும், ஆனால் ஈரத்தை நிறுத்தாது. வீடு வரை கொண்டுபோக ஏற்றது, வீட்டில் வைத்துக் காக்க அல்ல.

ஓலைக்குத் திரும்புவதில் பெரிய தடை மரமும் கையும்தான். 1978-இல் மாநில மரமாக அறிவிக்கப்பட்ட பனை, செங்கல் சூளைகளுக்காகப் பல பத்தாண்டுகள் வெட்டப்பட்டது. 2021 ஆகஸ்ட் 14 அன்று தாக்கலான முதல் வேளாண் நிதிநிலை அறிக்கை பனை மேம்பாட்டு இயக்கத்தை அறிவித்து, மரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி தேவை என்றது. விதை போட்ட பனை பாளை விட ஏறக்குறைய பன்னிரண்டு முதல் பதினைந்து ஆண்டுகள் ஆகும். ஏறி ஓலை வெட்டுபவர்கள் குறைந்துவிட்டார்கள். ஒரு கொட்டானுக்கு ஆகும் கைவேலையின் கூலியைக் காய்கறி விலையில் ஏற்ற முடியாது. அதனால் இன்று கொட்டான் கல்யாணத் தாம்பூலத்துக்கும் அன்பளிப்புப் பொதிக்கும் போகிறது. காய்கறியோ துளையிட்ட பிளாஸ்டிக் பெட்டியில் லாரி ஏறுகிறது.