கோப்ரா - 3: ரிவர்சைடில் உடைந்தது எது?

கரோல் ஷெல்பியைக் கடிதம் எழுத வைத்து, சென்ற வாரம் அங்கேயே நிறுத்தியிருந்தோம். 1961 செப்டம்பரில் அமெரிக்காவிலிருந்து புறப்பட்ட அந்தக் கடிதம், இங்கிலாந்தின் தேம்ஸ் டிட்டன் என்ற ஊரில் இருந்த ஏசி கார்ஸ் நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ‘உங்கள் ஏஸ் காரில் ஒரு அமெரிக்க வி8 இன்ஜினைப் பொருத்தித் தர முடியுமா?’ இவ்வளவுதான் விஷயம்.

எழுதியவரின் நிலைமை அப்போது சொல்லிக்கொள்ளும்படி இல்லை. தான் நடத்திய கோழிப்பண்ணை நோயில் அழிந்த பிறகு பந்தயத்துக்கு வந்து, 1959-ல் ராய் சால்வடோரியுடன் சேர்ந்து ஆஸ்டன் மார்ட்டினில் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தையே வென்றவர்தான். ஆனால் இதயம் ஒத்துழைக்கவில்லை. நைட்ரோகிளிசரின் மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டே கடைசிப் பந்தயங்களை ஓட்டினார். 1960-ஓடு அதுவும் முடிந்தது. 38 வயதில் அவரிடம் மிச்சம் இருந்தவை ஒரு பந்தய ஓட்டுநர் பள்ளி, ஒரு டயர் ஏஜென்சி, பல வருடங்களாக மண்டையைக் குடைந்த ஒரு யோசனை.

எடை குறைந்த ஐரோப்பியக் காருக்குள் வலுவான அமெரிக்க இன்ஜின் என்பதே அந்த யோசனை. இதை முதலில் நினைத்தவர் ஷெல்பி இல்லை. லண்டனில் சிட்னி ஆலார்டு, கேடிலாக் வி8-ஐத் தன் கார்களில் பொருத்தி விற்றுக்கொண்டிருந்தார். ஷெல்பியே அப்படி ஓர் ஆலார்டைப் பந்தயத்தில் ஓட்டியவர். நேர் சாலையில் ஆலார்டு பறக்கும். ஆனால் அந்தப் பெரிய இரும்பு இன்ஜினின் பாரம் வளைவுகளில் ஓட்டுபவரின் உயிரை வாங்கும். இன்ஜினும் இலேசாக இருந்தால்? அந்தக் கேள்விக்கு 1961 வரை யாரிடமும் சரியான பதில் இல்லை.

ஏசி கார்ஸ் சின்னக் கம்பெனி. ஹர்லாக் குடும்பம் நடத்தியது. மாற்றுத்திறனாளிகளுக்கான மூன்று சக்கர வண்டிகளை அரசாங்கத்துக்குச் செய்து கொடுத்தார்கள். சவுத்எண்ட் கடற்கரைப் பாலத்தில் ஓடிய ரயில் பெட்டிகளும் அவர்கள் கைவண்ணம்தான். அதே கொட்டகையில்தான் 1953-லிருந்து ஏஸ் உருவானது. மூன்று அங்குல விட்டமுள்ள இரண்டு இரும்புக் குழாய்களை நீளவாக்கில் போட்டுக் குறுக்கே இணைத்தால் அதுவே சேஸிஸ். முன்னும் பின்னும் குறுக்காக ஒவ்வொரு லீஃப் ஸ்பிரிங். மேலே, அலுமினியத் தகட்டைக் கையால் தட்டித் தட்டி வளைத்த உடல். மொத்த எடை 900 கிலோவைத் தொடாது. அதற்குள் பிரிஸ்டல் நிறுவனத்தின் இரண்டு லிட்டர் ஆறு சிலிண்டர் இன்ஜின் இருந்தது. போருக்கு முந்தைய பிஎம்டபிள்யூ 328-ன் வழியில் வந்த இன்ஜின் அது. அதை வைத்துக்கொண்டே ஏஸ் 1959 லெ மானில் இரண்டு லிட்டர் பிரிவை வென்று, மொத்தப் பட்டியலில் ஏழாவதாக வந்தது. ஷெல்பி முதலிடத்தில் வந்த அதே பந்தயம்! தான் ஜெயித்த நாளில் இந்தக் குட்டிக் காரையும் அவர் கவனிக்காமல் இருந்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

கடிதம் போன நேரம் அப்படி ஒரு நேரம். பிரிஸ்டல் தன் 407 மாடலுக்கு கிரைஸ்லர் வி8-ஐ வாங்கிப் போட முடிவு செய்து, சொந்த இன்ஜினைக் கைவிட்டிருந்தது. ஏசியிடம் நல்ல கார் இருந்தது. அதற்குள் வைக்க நல்ல இன்ஜின் இல்லை. ஃபோர்டு ஸெஃபிரின் 2.6 லிட்டர் இன்ஜினை வைத்து அவர்கள் சமாளித்துக்கொண்டிருந்தபோது ஷெல்பியின் கடிதம் வந்தது. சார்லஸ் ஹர்லாக் சம்மதித்தார். இன்ஜின் கொண்டுவாருங்கள், கார் தருகிறோம்.

ஷெல்பியிடம் இன்ஜின் கிடையாது.

* * *

அவர் முதலில் போய் நின்ற இடம் ஷெவர்லே. அவர்களுடைய ஸ்மால் பிளாக் வி8 அன்று அமெரிக்கப் பந்தய உலகத்தின் செல்லப்பிள்ளை. ஆனால் அதே ஷெவர்லேதான் கார்வெட்டையும் செய்தது. அமெரிக்காவின் ஒரே உண்மையான ஸ்போர்ட்ஸ் கார் என்ற பெயரை வைத்திருக்கும் கம்பெனி, அந்தக் காரைத் தோற்கடிக்கப் போகிற இன்னொரு காருக்கு ஏன் இன்ஜின் தரவேண்டும்? மாட்டேன் என்றார்கள். அவர்கள் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

எதிர்முகாமான ஃபோர்டில் கதை வேறு. கார்வெட்டை எதிர்க்க அவர்களிடம் ஒரு வண்டியும் இல்லை. ஆனால் ஃபேர்லேன் என்ற குடும்பக் காருக்காக ஒரு புதிய வி8-ஐ அப்போதுதான் வெளியிட்டிருந்தார்கள். 221 கன அங்குலம், அதாவது 3.6 லிட்டர். அதன் சிறப்பு கொள்ளளவில் இல்லை, வார்ப்பில் இருந்தது. சிலிண்டர் பிளாக்கை வார்க்கும்போது சுவர்களின் தடிமனைத் துல்லியமாகக் குறைக்கும் முறையை ஃபோர்டின் வார்ப்பாலை கைவசப்படுத்தியிருந்தது. வழக்கமான அமெரிக்க வி8-களின் பக்கத்தில் வைத்தால் இது ஒல்லிக்குச்சி. பிரிஸ்டலின் ஆறு சிலிண்டர் இன்ஜினைவிடக் கொஞ்சம்தான் எடை கூட.

ஆலார்டில் விடை கிடைக்காத கேள்விக்கு விடை, ஒரு குடும்பக் காரின் பானட்டுக்கு அடியில் உட்கார்ந்திருந்தது.

ஃபோர்டின் டேவ் எவன்ஸ் மூலமாக விஷயம் ஷெல்பியின் காதுக்கு எட்டியது. கேட்டார், இன்ஜின் வந்தது. தொடர்ந்து, அதே இன்ஜினை 260 கன அங்குலமாக, 4.3 லிட்டராகப் பெருக்கிய வடிவமும் தயாராகிக்கொண்டிருந்தது.

* * *

இன்ஜின் மாற்றுவது என்றால் பழையதை இறக்கி, புதியதை ஏற்றி, நாலு போல்ட் முடுக்குவது என்றுதான் வெளியே நிற்பவர்கள் நினைப்பார்கள். தேம்ஸ் டிட்டன் தொழிலாளிகள் அந்த இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் செய்ததைப் பார்த்தால் அது எவ்வளவு பெரிய வேலை என்று புரியும்.

ஆறு சிலிண்டர்களும் வரிசையாக நிற்கும் இன்ஜின் நீளம், ஆனால் ஒல்லி. வி8-ல் பக்கத்துக்கு நான்காக சிலிண்டர்கள் சாய்ந்து நிற்பதால் நீளம் குறைவு, அகலம் அதிகம். ஆக, ஏஸின் முன்பக்கத்தில் நீளத்துக்குப் பஞ்சமே இல்லை. இன்ஜினைப் பின்னால் தள்ளி வைத்து எடையைச் சமன் செய்யவும் முடிந்தது. சிக்கல் அகலத்தில் வந்தது. எக்ஸாஸ்ட் குழாய்கள் இறங்க வேண்டிய இடத்தில் ஸ்டீரிங் பாக்ஸ் குறுக்கே நின்றது. அதை வெளிப்பக்கமாக நகர்த்தினார்கள்.

அடுத்தது முறுக்கு விசை. பிரிஸ்டல் இன்ஜினைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். ஏஸின் பழைய டிஃபரன்ஷியல் அதைத் தாங்காது என்று தெரிந்து, ஜாகுவார் ஈ-டைப்பில் இருந்த அதே வகை சாலிஸ்பரி டிஃபரன்ஷியலைக் கொண்டுவந்து பின்னால் மாட்டினார்கள். அதைப் பிடித்துக்கொள்ளும் சட்டங்களைப் பலப்படுத்தினார்கள். சேஸிஸ் குழாய்களின் சுவரைத் தடிப்பாக்கினார்கள்.

ஒரு சின்னக் காரில் பெரிய பலத்தை வைத்தால், அந்தப் பலம் சும்மா இருக்காது. காரில் எங்கே சோனி என்று தேடிப் போய் அதை முறிக்கும். ஓரிடத்தைச் சரிசெய்தால் அடுத்த இடம். தேம்ஸ் டிட்டன்காரர்களுக்கு இது தெரிந்திருந்தது. ஆனால் எல்லா இடத்தையும் பார்த்துவிட்டார்களா?

1962 ஜனவரியில் ஷெல்பியே இங்கிலாந்து வந்து, சில்வர்ஸ்டோன் தடத்தில் அந்த முதல் காரை ஓட்டிப் பார்த்தார். பிறகு இன்ஜினையும் கியர்பாக்ஸையும் கழற்றிவிட்டு வெறும் காரை விமானத்தில் ஏற்றினார்கள். பிப்ரவரி தொடக்கத்தில் அது லாஸ் ஏஞ்சலஸில் இறங்கியது. சான்டா ஃபே ஸ்பிரிங்ஸில் டீன் மூனின் ஒர்க்ஷாப்புக்கு இழுத்துப் போய், 260 இன்ஜினையும் நாலு கியர் போர்க்-வார்னர் கியர்பாக்ஸையும் ஏற்றினார்கள். எட்டு மணி நேரத்துக்குள் கார் சாலையில்.

இந்த எட்டு மணி நேரக் கதையை அமெரிக்கர்கள் அலுக்காமல் சொல்வார்கள். நல்ல கதைதான், உண்மையும்கூட. ஆனால் அந்த எட்டு மணி நேரத்துக்குப் பின்னால் தேம்ஸ் டிட்டனின் பல மாத உழைப்பு இருக்கிறது. ஸ்டீரிங் பாக்ஸை நகர்த்திய அந்தக் கைகளின் பெயரைப் பெரும்பாலான புத்தகங்கள் சொல்வதே இல்லை. எனக்கு அது ஆறாத வருத்தம்.

பெயர் மட்டும் கனவில் வந்ததாக ஷெல்பி கடைசிவரை சொன்னார். கோப்ரா.

* * *

இருந்தது ஒரே ஒரு கார். ஆனால் பத்திரிகைகள் வரிசையில் நின்றன. ஷெல்பி என்ன செய்தார் தெரியுமா? ஏப்ரலில் நியூயார்க் கண்காட்சிக்கு டீன் ஜெஃப்ரிஸ் அதற்குப் பளபளக்கும் மஞ்சள் பூசினார். பிறகு ஒவ்வொரு பத்திரிகைக்கும் தருவதற்கு முன் நிறத்தை மாற்றினார்கள். வாசகர்களுக்கு, கலிஃபோர்னியா முழுக்கப் பல நிறங்களில் கோப்ராக்கள் ஓடுவதுபோல் இருந்தது. அத்தனையும் ஒரே வண்டி. ‘ரோடு அண்டு டிராக்’ இதழ் சோதித்தபோது, நின்ற இடத்திலிருந்து மணிக்கு 60 மைல் வேகத்தை எட்ட 4.2 நொடி. 1962-ல் இது நம்ப முடியாத எண். (அந்த முதல் கார் 2016-ல் ஏலத்தில் 1.375 கோடி டாலருக்குப் போனது. அதுவரை ஷெல்பி குடும்பத்தை விட்டு அது அகலவே இல்லை.)

பத்திரிகை எழுதுவது ஒன்று. பந்தயத் தடம் வேறு. கோப்ராவை அங்கே கொண்டுபோய் நிறுத்த அக்டோபர் வரை ஆனது.

* * *

1962 அக்டோபர் 13. கலிஃபோர்னியாவின் வறண்ட நிலத்தில் இருந்த ரிவர்சைடு தடம். மூன்று மணி நேரப் பந்தயம்.

அன்று புதிதாக வந்தது கோப்ரா மட்டும் இல்லை. கார்வெட்டும் புத்தம் புது உருவத்தில் வந்திருந்தது. ஸ்டிங் ரே! அதிலும் பந்தயத்துக்கென்றே தயாரான ஸீ06 வகை, நான்கு கார்கள். 5.4 லிட்டர் இன்ஜின், 360 குதிரைத்திறன். டேவ் மெக்டொனால்டு, பாப் பாண்டுரன்ட், ஜெரி கிராண்ட், டக் ஹூப்பர் என்று ஓட்டியவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. எதிரே ஷெல்பியின் ஒரே கோப்ரா. ஓட்டியவர் பில்லி கிராஸ்.

கொடி அசைந்தது. மெக்டொனால்டும் கிராஸும் மற்றவர்களை விட்டுவிட்டு முன்னால் போனார்கள். பலத்தில் கார்வெட் மேல். ஆனால் வளைவு வந்தபோதெல்லாம் அந்தப் பலம் தன் எடையோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. கார்வெட்டை வேகம் குறைக்க வெகு முன்னாலேயே பிரேக் மிதித்தாக வேண்டும். கிராஸ் இன்னும் உள்ளே போய் மிதித்தார். வளைவை விட்டு வெளியே வரும்போது கோப்ரா முந்திக்கொண்டு எகிறியது. கண்ணுக்கு நேராகவே இடைவெளி விரிந்தது. கார்வெட் ஆட்கள் இதை எதிர்பார்க்கவே இல்லை. கையால் தட்டிய அலுமினிய உடலும் குடும்பக் கார் இன்ஜினும் அமெரிக்காவின் மிகப் பெரிய கார் கம்பெனியின் புது வாரிசைப் பின்னால் விட்டுவிட்டு ஓடிக்கொண்டிருந்தன.

ஷெல்பியின் பிட்டில் அந்த நிமிடத்தில் எத்தனை பேர் மூச்சு விட்டிருப்பார்கள்!

அப்போதுதான் அது நடந்தது. கோப்ராவின் பின் சக்கரத்து ஹப் முறிந்தது.

இன்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை. கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், ஸ்டீரிங், எதற்கும் குறை இல்லை. தேம்ஸ் டிட்டனில் கவனித்து மாற்றிய எதுவும் கைவிடவில்லை. சக்கரத்தையும் ஆக்ஸிலையும் சேர்த்துப் பிடிக்கும் கையகல இரும்புத் துண்டு. வி8-ன் முறுக்கு ஒரு பக்கம் இழுக்க, வளைவுக்கு வளைவு பந்தய டயரின் பிடிப்பு இன்னொரு பக்கம் வளைக்க, ஒவ்வொரு சுற்றிலும் அது கொஞ்சம் கொஞ்சமாகக் களைத்துக்கொண்டே வந்திருக்கிறது. யாரும் பார்க்காத இடத்தைப் பலம் தேடிக் கண்டுபிடித்துவிட்டது.

கிராஸ் காரை விட்டு இறங்கினார். மெக்டொனால்டின் கார்வெட்டும் கடைசிவரை தாக்குப்பிடிக்கவில்லை. நிதானமாக வந்த டக் ஹூப்பரின் கார்வெட் வெற்றிக் கொடியைப் பார்த்தது. பதிவேட்டில், புது ஸ்டிங் ரேயின் முதல் வெற்றி.

ஷெவர்லேக்காரர்கள் கொண்டாடியிருக்கலாம். ஆனால் தடத்தில் நடந்ததைக் கண்ணால் பார்த்த எவருக்கும் கணக்கு தெளிவாக இருந்தது: ஒரு இரும்புத் துண்டு உடையாமல் இருந்திருந்தால்? அந்தத் துண்டை மாற்றுவது எவ்வளவு நேர வேலை? கலிஃபோர்னியாவின் வெனிஸில் ஷெல்பியின் பட்டறையில் ஃபில் ரெமிங்டன் அதை வலுவான எஃகில் செய்யக் கிளம்பிவிட்டார்.

கணக்கை மிக நெருக்கத்தில் பார்த்தவர் இன்னொருவர் உண்டு. கிராஸின் பின் விளக்குகளையே பார்த்துக்கொண்டு ஓட்டிய 26 வயது டேவ் மெக்டொனால்டு. கார்வெட்டால் பெயர் வாங்கியவர், ஷெவர்லே முகாமின் செல்லப்பிள்ளை. 1963 தொடக்கத்தில் அதே ரிவர்சைடில் மறுபடி பந்தயம். புது ஹப்புகளோடு இரண்டு கோப்ராக்கள் வரிசையில் நின்றன. ஒன்றில் பர்மிங்காம் பக்கத்திலிருந்து வந்த கூர்மூக்கு ஆங்கிலேயர் கென் மைல்ஸ்.

இன்னொன்றின் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தவர் மெக்டொனால்டு.

(தொடரும்)