இரவல் புத்தகம்

வாசிப்புப் பைத்தியமான என் பெறாமகளுக்குப் பதினைந்து வயது. "நல்ல புத்தகம் ஏதும் இருக்கோ, பெரியப்பா?" என்பதே அவள் பல்லவி.

இதே கேள்விக்கு 1933இல் கே. எம். செல்லப்பா தம் வீட்டிலிருந்தே நூல்களை இரவல் கொடுத்து விடை சொன்னார். மறு ஆண்டு ஆஸ்பத்திரி வீதியில் வாடகை அறையொன்றில், 844 நூல்களோடு, வாசிகசாலை திறந்தது. யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் பிறப்பு அதுதான். 1981 யூன் தொடக்கத்தில் அது எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின.

அப்போது எனக்கும் பதினைந்து வயது. அங்கு இரவல் எடுத்த செங்கை ஆழியானின் 'ஆச்சி பயணம் போகிறாள்' என் கட்டிலடியில் கிடந்து தப்பியது. அதைத்தான் அவளிடம் கொடுத்தேன். ஒரே இரவில் சிரித்துச் சிரித்து முடித்தவள், முதற்பக்க முத்திரையைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இதை நீங்கள் திருப்பிக் குடுக்கேல்லையோ?"