உடல் எவருடையது?



ஆண்டிறுதி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் பெற்றோர் சிலர் என்னிடம் ஒரே கவலையைப் பகிர்ந்துகொள்வர். மூத்தவன் மேற்படிப்புக்கு ஆஸ்திரேலியா செல்லவிருப்பான். இளையவள் விளையாட்டு அணியுடன் அயல்நாட்டுப் போட்டிக்குப் புறப்படுவாள். "அங்கெல்லாம் எதற்கும் தடையில்லை என்கிறார்களே டீச்சர், பிள்ளை பத்திரமாக இருக்குமா?" என்பர். தடை இருந்தால் பாதுகாப்பு, தடை இல்லாவிட்டால் சுதந்திரம் என்று இரண்டையும் எதிரெதிர்த் தட்டுகளில் வைத்துப் பார்க்க நாம் பழகிவிட்டோம். வரலாறு அவ்வாறு கூறவில்லை. போதைப்பொருளின் வரலாற்றையும் விளையாட்டில் ஊக்கமருந்தின் வரலாற்றையும் சேர்த்துப் படித்தால், தெளிவு பிறக்கும் என்பது என் நம்பிக்கை.

சண்டு மலை

நான் வசிக்கும் புக்கிட் மேரா வட்டாரத்தில் ஃபேபர் மலையிலிருந்து மேற்கே ஒரு நடைபாதை செல்கிறது. தெலுக் பிளாங்கா குன்றைக் கடந்து சென்றால் அது புக்கிட் சண்டுவில் கொண்டுபோய் விடும். 1942ஆம் ஆண்டு பிப்ரவரி 14ஆம் நாள் மலாய்ப் படைப்பிரிவினர் ஜப்பானியரை எதிர்த்துப் போரிட்டு மாண்ட இடம் என்று மாணவர்களை அங்கே அழைத்துச் செல்வோம். ஆனால் அம்மலையின் பெயருக்குக் காரணம் போர் அன்று. சண்டு என்பது புகைப்பதற்காகப் பக்குவப்படுத்தப்பட்ட அபினி. அதைக் காய்ச்சிய அரசாங்க ஆலை அம்மலையடிவாரத்தில் இருந்தது.

அந்த அபினி பெரும்பாலும் நம் தாயகமாகிய இந்தியாவில் விளைந்தது. பீகார், காசி வட்டாரங்களின் கசகசாச் செடியிலிருந்து எடுக்கப்பட்டு, கல்கத்தாவில் ஏலம் விடப்பட்டு, கப்பலேறி இங்கு வந்தது. 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், சிங்கப்பூர் அரசாங்கத்தின் வருவாயில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிவரை அபினிக் குத்தகையிலிருந்தே கிடைத்தது. 1910ஆம் ஆண்டு குத்தகை முறை முடிவுற்று அரசாங்கமே காய்ச்சி விற்கத் தொடங்கியது. வாங்கியவர்கள் யார்? மூட்டை தூக்கிய கூலிகள், ரிக்ஷா இழுத்தவர்கள். மலாயாவின் தோட்டங்களிலும் நகரங்களிலும் நம் தமிழ்த் தொழிலாளர்களுக்காக உரிமம் பெற்ற கள்ளுக்கடைகள் இருந்ததும் இதே கதையின் மற்றொரு பக்கமே.

"வாங்குபவன் தன் விருப்பத்தால்தானே வாங்குகிறான்?" என்பதே அன்று விற்றவர்களின் வாதம். பகலெல்லாம் சுமை தூக்கியவன் முதுகுவலியை மறக்கப் புகைத்தான். மறுநாள் மீண்டும் சுமை தூக்குவதற்காகப் புகைத்தான். கூலியின் பெரும்பகுதி அதிலேயே கரைந்தது. அவனுடைய விருப்பம் என்று சொல்லப்பட்டதில் அவனுடைய பங்கு மிகச் சிறிது. போர் முடிந்து ஆங்கிலேயர் திரும்பிய பின்னர், 1946ஆம் ஆண்டில்தான் அபினி இங்குச் சட்டப்படி தடைசெய்யப்பட்டது. 1973ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் இத்தனை கடுமையாக இருப்பதைப் பற்றிப் பேசும்போது இப்பின்னணியையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

ஓடுதளத்தில் இரு தமிழர்

இனி விளையாட்டுக்கு வருவோம். 1966ஆம் ஆண்டு பேங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டி. 100 மீட்டர் ஓட்டத்தில் முதலிடம் மலேசியாவின் மணி ஜெகதீசனுக்கு. இரண்டாமிடம் சிங்கப்பூரின் கனகசபை குணாளனுக்கு. ஆசியாவின் அதிவேக மனிதர்கள் இருவருமே தமிழர் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஈராண்டுக்குப் பின் மெக்சிகோ ஒலிம்பிக்கில் குணாளன் 10.38 வினாடிகளில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனை 33 ஆண்டுகள் நிலைத்தது. 2001ஆம் ஆண்டு யு. கே. ஷியாம் அதனை ஒரு வினாடியில் நூற்றில் ஒரு பங்கு வித்தியாசத்தில் முறியடித்தார். குணாளன் ஆசிரியராகப் பணியாற்றியவர் என்பது நமக்குக் கூடுதல் பெருமை.

ஊக்கமருந்துச் சோதனை ஒலிம்பிக்கில் நுழைந்ததும் அதே 1968ஆம் ஆண்டுதான். முந்தைய ஆண்டு ஜூலை 13ஆம் நாள், பிரான்சின் மோன் வெந்து மலைச்சரிவில் டாம் சிம்சன் என்னும் ஆங்கிலேய மிதிவண்டி வீரர் போட்டியின் நடுவே விழுந்து இறந்தார். வயது 29. அவர் உடலில் ஆம்ஃபெட்டமின் என்னும் ஊக்கமருந்து காணப்பட்டது. களைப்பு என்பது உடல் விடுக்கும் எச்சரிக்கை. அம்மருந்து அந்த எச்சரிக்கை மணியின் நாவைக் கட்டிவிடுகிறது. கூலித் தொழிலாளியின் முதுகுவலியை அபினி மறைத்ததைப் போலவே இதுவும். மெக்சிகோவில் முதன்முதலாகச் சிக்கியவரோ ஒரு சுவீடன் வீரர். துப்பாக்கி சுடுமுன் படபடப்பைத் தணிக்கப் பியர் அருந்தியிருந்தார். அவருடைய அணியே வெண்கலப் பதக்கத்தை இழந்தது.

முதலிடம் பெற்ற ஜெகதீசன் பின்னர் என்ன ஆனார்? அவர் ஒரு மருத்துவர். ஆசிய ஒலிம்பிக் மன்றத்தின் மருத்துவக் குழுவுக்குத் தலைமையேற்று, ஆசியப் போட்டிகளில் ஊக்கமருந்துக் கட்டுப்பாட்டை நெடுங்காலம் வழிநடத்தினார். ஓடியவரே காவலரானார். விதி என்பது விளையாட்டை அறியாதவர்கள் வெளியிலிருந்து திணித்தது என்று எண்ணுவோர் இவரை நினைவில் கொள்ளலாம்.

தனிமனித உரிமை என்னும் வாதம்

"வயது வந்தவர் தம் உடலில் எதைச் செலுத்தினாலும் அது அவர் உரிமை" என்போர் இன்றும் உளர். ஊக்கமருந்தைத் தடைசெய்யாத ஒரு போட்டித் திட்டமே 2023ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. இவ்வாதத்திற்கு மிகத் தெளிவான மறுமொழி கிழக்கு ஜெர்மனியில் இருக்கிறது. அங்கு 1974ஆம் ஆண்டு முதல் ஊக்கமருந்து ஓர் இரகசிய அரசுத் திட்டமாகவே நடத்தப்பட்டது. பதின்ம வயதுச் சிறுமியருக்கு நீலநிற மாத்திரைகள் தரப்பட்டன. சத்து மாத்திரை என்றே பலரிடம் சொல்லப்பட்டது. உண்மையில் அவை ஆண்மை இயக்குநீரைப் போன்று செயற்கையாகச் செய்யப்பட்டவை. குரல் தடித்தது, உடல் மாறியது, பலருக்கு வாழ்நாள் நோய் வந்தது. 2000ஆம் ஆண்டு பெர்லின் நீதிமன்றம் அத்திட்டத்தின் தலைவர்களுள் இருவரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. அங்கே பதக்கம் அரசுக்கு. உடல் மட்டும் அச்சிறுமியருக்கு.

எனினும், விதியும் விலையின்றி வருவதில்லை. உயர்நிலை வீரர்கள் ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரத்தைக் குறித்து, அந்நேரத்தில் எங்கிருப்போம் என்று முன்கூட்டியே எழுதித்தர வேண்டும்; பன்னிரண்டு மாதங்களில் மும்முறை தவறினால் அதுவே விதிமீறல். இது தனிவாழ்வில் தலையிடுவது என்று பிரெஞ்சு வீரர்கள் வழக்குத் தொடுத்தனர். தலையீடுதான், ஆயினும் வீரர்களின் உடல்நலத்துக்காகவும் நேர்மையான போட்டிக்காகவும் அது ஏற்கத்தக்கதே என்று 2018ஆம் ஆண்டு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

உடலில் காணப்படும் பொருளுக்கு அவ்வுடலுக்குரியவரே பொறுப்பு என்பதும் விதி. திருச்சி அருகே முடிகண்டத்தைச் சேர்ந்த கோமதி மாரிமுத்து 2019ஆம் ஆண்டு ஏப்ரலில் தோகாவில் 800 மீட்டர் ஆசியத் தங்கம் வென்றபோது தமிழுலகமே மகிழ்ந்தது. சில வாரங்களில் சோதனை முடிவு வந்தது; நாண்ட்ரோலோன் என்னும் மருந்தின் தடயம். தாம் அறிந்து எதையும் உட்கொள்ளவில்லை என்றார் அவர். நான்காண்டுத் தடை விதிக்கப்பட்டது, பதக்கமும் பறிக்கப்பட்டது. ஏழை வீட்டிலிருந்து ஓடிவரும் பெண்ணுக்கு, எதை உண்ணலாம் என்று சொல்லித்தர அருகில் யார் இருக்கிறார்கள் என்ற கேள்வி என்னை இன்றும் உறுத்துகிறது. நம் நகரில் 2010ஆம் ஆண்டு நடந்த முதல் இளையர் ஒலிம்பிக்கிலேயே, இரு மல்யுத்த வீரர்கள் நீரிறக்க மருந்துக்காகத் தகுதி இழந்தனர். பதினெட்டு வயதுக்கு மேற்படாதோர் பங்கேற்ற போட்டி அது.

எல்லை கடந்தும் தொடரும் சட்டம்

2016ஆம் ஆண்டு ரியோவில் 100 மீட்டர் வண்ணத்துப்பூச்சி நீச்சலை 50.39 வினாடிகளில் கடந்து, சிங்கப்பூருக்கு முதல் ஒலிம்பிக் தங்கத்தைப் பெற்றுத் தந்தவர் ஜோசப் ஸ்கூலிங். 2022ஆம் ஆண்டு ஆகஸ்டில் அவரைப் பற்றி வேறொரு செய்தி வந்தது. தேசிய சேவையில் இருந்தபோது, தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டிக்காக அனுமதி பெற்று அயல்நாடு சென்ற மே மாதத்தில் அவர் கஞ்சா உட்கொண்டிருந்தார். சிறுநீர்ச் சோதனையில் எதுவும் தென்படவில்லை. விசாரணையில் அவரே ஒப்புக்கொண்டார். ஆறு மாதங்களுக்குக் கண்காணிப்புடன் கூடிய சிறுநீர்ச் சோதனை விதிக்கப்பட்டது. தேசிய சேவைக் காலத்தில் பயிற்சிக்கும் போட்டிக்கும் விடுப்பு இல்லை என்றும் அறிவிக்கப்பட்டது. அவர் மக்களிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். 2024ஆம் ஆண்டு ஏப்ரலில் ஓய்வை அறிவித்தார்.

பெற்றோர் இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கஞ்சா, போட்டி நாள்களில் மட்டுமே விளையாட்டு விதிகளால் தடைசெய்யப்பட்ட பொருள். கனடாவில் அது 2018ஆம் ஆண்டு முதல் சட்டப்படி விற்கப்படுகிறது. தாய்லாந்து 2022ஆம் ஆண்டு கட்டுப்பாட்டைத் தளர்த்தி, 2025ஆம் ஆண்டு மீண்டும் இறுக்கியது. சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளுமோ, எந்நாட்டில் உட்கொண்டாலும் இங்கு உட்கொண்டதாகவே நம் சட்டம் கருதுகிறது. 1998ஆம் ஆண்டு சேர்க்கப்பட்ட பிரிவு அது. பத்தாண்டு வரை சிறை, 20,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். ஒரே பொருளுக்கு மூன்று விதமான சட்டம்! பத்தொன்பது வயதுப் பிள்ளை இதைத் தானாகவே அறிந்திருக்கும் என்று நாம் எப்படி எதிர்பார்க்க முடியும்?

ஆகவே, பயணப்பெட்டியை அடுக்கும்போதே மூன்று செய்திகளைச் சொல்லுங்கள். முதலாவது, மேற்கண்ட சட்டத்தை அச்சுறுத்தலாக அன்றித் தகவலாக எடுத்துரையுங்கள். இரண்டாவது, போட்டியில் பங்கேற்கும் பிள்ளை என்றால் சத்துமாவு, மாத்திரை, சளிமருந்து, ஏன், பாட்டி கொடுத்தனுப்பும் லேகியம் உட்பட எதையும் மருத்துவரிடமோ பயிற்றுநரிடமோ காட்டாமல் உட்கொள்ளலாகாது. மூன்றாவது, வெளியுறவு அமைச்சிடம் பயணத்தைப் பதிவுசெய்து, அருகிலுள்ள நம் தூதரகத்தின் எண்ணைக் கைப்பேசியில் சேர்த்துவையுங்கள்.

இவை அனைத்தையும்விட முக்கியமானது ஒன்றுண்டு. விருந்தில் நண்பன் நீட்டியதை வாங்கிவிட்ட பிள்ளை, தலைசுற்றலுடன் நள்ளிரவில் முதலில் யாரை அழைப்பான்? வசவுக்கு அஞ்சி எவரையும் அழைக்காமல் அறைக்கதவைச் சாத்திக்கொண்டால், அதுவே பேராபத்து. அம்மாவை அழைத்தால் முதலில் உதவி, பிறகுதான் விசாரணை என்னும் உறுதியை இன்றே கொடுங்கள். ஸ்கூலிங் செய்த தவற்றைப் பிள்ளைகளிடம் பேசும் நாம், அவர் மறைக்காமல் ஒப்புக்கொண்டதையும் அதே மூச்சில் பேச வேண்டும். தண்டனையை ஏற்றவரை இழிவுபடுத்தும் சமூகத்தில், அடுத்த பிள்ளை உண்மை சொல்லத் துணியாது.

புக்கிட் மேரா என்னும் பெயருக்கு ஒரு பழங்கதை உண்டு. வாள்மீன்கள் கரையோர மக்களைத் தாக்கியபோது, வாழைத்தண்டுகளால் வேலி அமைக்குமாறு ஒரு சிறுவன் வழி சொன்னான். ஊர் பிழைத்தது. இவ்வளவு அறிவுள்ள பிள்ளை வளர்ந்தால் ஆபத்து என்று அஞ்சிய அரசன் அவனைக் கொல்வித்தான். அக்குருதியால் குன்று சிவந்தது என்பர். கதைதான். ஆனால் பிள்ளையின் வாயிலிருந்து வரும் சொல்லுக்குப் பெரியவர்கள் அஞ்சத் தொடங்கினால் கேடு யாருக்கு என்பதை அது உணர்த்துகிறது.

உன் உடல் உன்னுடையது. அதில் என்ன சேர்கிறது என்று அறிந்துகொள்வது உன் உரிமை. வேண்டாம் என்று சொல்வதும் உன் சுதந்திரமே. தொடக்கநிலை வகுப்பிலேயே இதைச் சொல்லித் தொடங்குவோம். எந்நாட்டுக்குப் போனாலும் அது பிள்ளையுடன் கூடவே செல்லும்.