பழைய வானொலியா, புதிய வானொலியா?



பெக்கான் நானாஸ் என்றால் அன்னாசிப் பட்டணம் என்று பொருள். இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் வாழும் நாம் வானொலிப் பெட்டி வாங்கப் போனால் முதலில் விலையைத்தான் கேட்கிறோம். பெட்டியின் விலை வேறு, அதைப் பேச வைக்கும் செலவு வேறு. வானொலியின் வரலாறே இதற்குச் சாட்சி.

மலாயாவுக்குள் வானொலி நுழைந்தது நம் ஜொகூர் வழியாகத்தான். 1921இல் ஏ. எல். பெர்ச் என்ற ஜொகூர் மின்சார அதிகாரி முதல் பெட்டியைக் கொண்டுவந்தார். 1946 ஏப்ரல் 1இல் ரேடியோ மலாயா பிறந்தது. 1948இல் அவசரகாலம் வந்த பிறகு, புதுக்கிராமங்களிலும் தோட்டங்களிலும் மக்கள் கூடிக் கேட்க அரசாங்கமே பெட்டிகளை வைத்தது. நோக்கம் பிரசாரந்தான், இருந்தாலும் பாட்டும் கேட்டதல்லவா!

அவை வால்வுப் பெட்டிகள். கண்ணாடிக் குமிழுக்குள் இருக்கும் இழை சூடேறினால்தான் பேசும். மின்சாரமில்லாத லயத்து வீட்டில் இதற்கு இரண்டு வகை பாட்டரி தேவைப்பட்டது. இழையைச் சூடாக்கச் சிறியது ஒன்று. அதோடு 90 வோல்ட் கொடுக்கும் பெரிய கட்டை ஒன்று. அந்தக் கட்டை மலிவான பொருளல்ல. பழைய பெட்டியைக் குறைந்த விலைக்கு வாங்கியவர்கூட, கட்டை தீர்ந்ததும் அடுத்த சம்பள நாளைப் பார்த்துக் காத்திருக்க வேண்டியதுதான்.

1947இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்தார்கள். 1954இல் அங்கே ரீஜென்சி என்ற கையடக்க வானொலி கடைக்கு வந்தது. விலை ஏறக்குறைய 50 டாலர். மறு ஆண்டே ஜப்பானின் சோனி நிறுவனமும் ஒன்றை வெளியிட்டது. இழையில்லை, சூடில்லை, 90 வோல்ட் கட்டையுமில்லை. பின்னால் வந்த பல பெட்டிகளுக்கு டார்ச் லைட் பாட்டரியே போதுமானது. வாங்கும்போது கை கடித்தாலும், தோட்டத்துக் குடும்பத்துக்குப் புதியதே இலாபமாயிற்று.

குரல் மட்டும் வேறு கதை. பெரிய மரப்பெட்டியில் கேட்ட நாதஸ்வரத்தின் கனம் சின்னப் பெட்டியில் வரவில்லை. அந்தக் குரலுக்காகவே இன்றும் பழைய பெட்டியைத் தேடுகிறவர்கள் உண்டு. அவர்களை நாம் குறை சொல்லமாட்டோம். ஆனால் பல ஆண்டு ஈரக்காற்றில் இருந்த பெட்டியின் மின்தேக்கிகள் கெட்டிருக்கக்கூடும். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அவற்றில் மின்னூட்டம் தங்கியிருக்கும். பழகாதவர் முதுகுப் பலகையைத் திறக்கலாகாது. இன்னொன்று: மின்னல் எஃப்எம் ஒலிப்பது பண்பலையில். மத்திய அலையும் சிற்றலையும் மட்டுமுள்ள பெட்டியில் அது எடுக்காது. ஆகவே காசு கொடுக்குமுன், பண்பலைக்கு இடம் இருக்கிறதா என்று கடையிலேயே முள்ளைத் திருப்பிப் பாருங்கள்.