வில்லன் கைச் சாட்டை: தமிழ்க் குடும்பப் படங்களில் விலங்குக் கொடுமை

தமிழில் குடும்பத்தோடு பார்க்கும் விலங்குப் படம் என்றதும் தயாரிப்பாளர் சாண்டோ சின்னப்பா தேவரின் பெயர்தான் முதலில் வரும். தேவர் பிலிம்ஸின் முதல் படமான 'தாய்க்குப் பின் தாரம்' (1956) எம்.ஜி.ஆர். காளை அடக்கும் காட்சியால் பேசப்பட்டது. 'நல்ல நேரம்' (1972) யானைகளையும், 'ஆட்டுக்கார அலமேலு' (1977) ஆட்டையும் கதாநாயகர்களுக்கு இணையாக நிறுத்தின. இவ்வகைப் படங்களில் கொடுமை பெரும்பாலும் வில்லனின் அடையாளம். சாட்டையும் துப்பாக்கியும் அவன் கையில் இருக்கும்; விலங்கைத் தடவிக் கொடுப்பவன் நாயகன்.

தேவர் இந்தியில் எடுத்த 'ஹாதி மேரே சாதி' (1971) இதற்குத் தெளிவான சான்று. நாயகனின் யானையான ராமு, வில்லனின் குண்டுக்கு இரையாகிறது. அரங்கே அழுதது அந்தச் சாவுக்கு. அதே படத்தில் பழுதான காரை யானைகள் தள்ளிக்கொண்டு போகும் பாட்டு சிறுவர்களைக் குதூகலப்படுத்தியது. காட்டு விலங்கு ஒன்று காரைத் தள்ளப் பழகுவதற்குச் சங்கிலியும் அங்குசமும் பசியும் பொதுவாக எவ்வளவு செலவாகும் என்ற கேள்வி கதைக்குள் எழுவதே இல்லை. 'அன்னை ஓர் ஆலயம்' (1979) இன்னும் சிக்கலானது: தாயிடமிருந்து குட்டியானையைப் பிரித்தவன் மனம் மாறுவதுதான் கதை. அந்தப் பிரிவின் துயரைக் காட்டவும் நிஜமான ஒரு குட்டியைத்தான் கேமரா முன் நிறுத்த வேண்டியிருந்தது. வில்லனைக் கண்டிக்கும் கதை, படப்பிடிப்புத் தளத்தின் மேல் பார்வையாளருக்கு எழக்கூடிய ஐயத்தையும் சேர்த்தே துடைத்துவிடுகிறது. இதை ஏமாற்று என்பதைவிட, அக்கால அறவுணர்வின் எல்லை என்பதே பொருந்தும்.

மேலைநாடுகளில் கவனம் முன்பே தளத்தின் பக்கம் திரும்பியது. விலங்கைக் கொடுமைப்படுத்தி எடுத்த காட்சிகளைத் திரையிடுவதை பிரிட்டன் 1937-இல் சட்டத்தால் தடுத்தது. இந்தியாவில் ருக்மிணி தேவி அருண்டேலின் மாநிலங்களவை முயற்சியைத் தொடர்ந்து 1960-இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. முதல் குற்றத்துக்கு அது விதித்த அபராதம் 10 முதல் 50 ரூபாய். அபராதத்தைவிட வலிமையானது அதன் 22-ஆம் பிரிவு. பதிவு செய்யாமல் எந்த விலங்கையும் வித்தை காட்டப் பழக்கக்கூடாது. அரசு பட்டியலிட்டவற்றை அறவே பழக்கக்கூடாது. கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவை இருந்த அந்தப் பட்டியலில் 2011-இல் காளையும் சேர்ந்தது.

ஜல்லிக்கட்டு நடக்கும் திண்டுக்கல் சமவெளியை இச்சட்டம் தொட்டது இங்கேதான். கொசவபட்டி, புகையிலைப்பட்டி, தவசிமடை வாடிவாசல்களில் அவிழ்த்துவிடப்படும் காளை, சர்க்கஸ் புலியோடு ஒரே வரிசையில் வைக்கப்பட்டது. வீட்டில் பெயர் சொல்லி அழைத்து, பருத்திக்கொட்டை அரைத்து வைத்து, மண் குத்தப் பழக்கி வளர்ப்பவருக்கு இந்த வகைப்பாடு அவமதிப்பாகப் பட்டதில் வியப்பில்லை. ஆனால் அவருடைய அன்பும் தேவர் படங்களின் தர்க்கத்தையே ஓரளவு பின்பற்றுகிறது: வளர்ப்பவன் நேசிப்பதால் களத்தில் நடப்பது கொடுமையாகாது என்ற வாதம் அது. வாலை முறுக்குவது, மூக்கணாங்கயிற்றைச் சுண்டுவது போன்றவற்றைச் சான்றாக எடுத்துக்கொண்ட உச்ச நீதிமன்றம், 2014 மே 7 அன்று அந்த வாதத்தை ஏற்க மறுத்து ஜல்லிக்கட்டைத் தடை செய்தது. அதை மீண்டும் அனுமதிக்க 2017-இல் தமிழக அரசு கொண்டுவந்த திருத்தச் சட்டத்தை 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு செல்லுபடியாக்கியது.

அத்திருத்தம் விலக்களித்தது மரபுப்படி ஜனவரி முதல் மே வரை, அரசு அறிவிக்கும் இடங்களில் நடக்கும் ஜல்லிக்கட்டுக்கு மட்டுமே. கேமராவுக்காக நடத்தப்படும் மாடுபிடி அந்த வரையறைக்குள் வராது. தணிக்கை நெறிமுறைகளும் விலங்குக் கொடுமைக் காட்சிகளைத் தேவையின்றிக் காட்டுவதற்கு எதிரானவை. ஆகவே கொசவபட்டியில் தை மாதத்தில் ஆயிரங்கண்கள் முன் துள்ளும் காளையை, அதே ஊரில் ஆடி மாதத்தில் படத்துக்காகத் துள்ளவைக்க முடியாது. 1956-இல் எம்.ஜி.ஆர். அடக்கியதைப் போன்ற காட்சியை இன்று எடுப்பவருக்குக் கணினி வரைகலையே பாதுகாப்பான வழி.