மதுரை வெயிலில் முதிரும் அலுமினியம்: கலப்புத் தனிமங்களும் கடினத்தன்மையும்

அலுமினியத்தில் செம்பு இத்தனை சதவீதம், மக்னீசியம் இத்தனை சதவீதம் சேர்த்தோம், கடினத்தன்மை இவ்வளவு கூடியது என்ற வடிவில் முடிவுகளை எழுதும் வழக்கம் நம் பொறியியல் ஆய்வேடுகளில் வேரூன்றியிருக்கிறது. இந்த வடிவம் போதாது. சேர்த்த அணுக்கள் படிகத்துக்குள் எங்கே, எந்த உருவில் தங்குகின்றன என்பதைப் பொறுத்தே கடினத்தன்மை அமைகிறது. அதை மாற்றும் காரணங்களில் ஊரின் தட்பவெப்பமும் ஒன்று. மதுரையில் செய்யும் ஆய்வு அதைக் கணக்கில் கொள்ளாமல் இருக்க முடியாது.

ஏறத்தாழ 4 சதவீதம் செம்பும் சிறிதளவு மக்னீசியமும் மாங்கனீசும் கொண்ட, 2017 என்ற எண்ணால் குறிக்கப்படும் அலுமினியக் கலவையைப் பாருங்கள். மெதுவாக ஆறவிட்டு மென்மையாக்கினால் அதன் கடினத்தன்மையைக் காட்டும் பிரினெல் எண் சுமார் 45. சூடேற்றி, நீரில் சட்டென்று குளிர்வித்து, அறை வெப்பத்தில் விட்டுவைத்தால் சுமார் 105. கலவை ஒன்றுதான். முதலாவதில் செம்பு பருத்த துகள்களாகத் திரண்டு பயனற்றுக் கிடக்கிறது. இரண்டாவதில் ஓரணுத் தடிப்புள்ள நுண்தகடுகளாகப் படிகமெங்கும் விரவி, உலோகம் வளையும்போது நகரும் இடப்பிறழ்வுகளை, அதாவது படிக அடுக்கின் பிழைகளை, தடுக்கிறது. விட்டுவைக்கும்போது இப்படிக் கடினமாவதே முதிர்வு; ஜெர்மனியில் ஆல்ஃப்ரெட் வில்ம் அதை 1906இல் கண்டார். அதற்குக் காரணமான நுண்தகடுகளை கினியேயும் பிரெஸ்டனும் 1938இல்தான் எக்ஸ் கதிர் வழியே தனித்தனியாகக் கண்டறிந்தனர்.

அறை வெப்பம் என்றால் எந்த அறை? ஐரோப்பியப் பாடநூல்களில் அது 20 டிகிரி செல்சியஸை ஒட்டியது. குளிர்சாதனம் இல்லாத மதுரைப் பட்டறையில் மே மாதப் பகலில் 38 டிகிரி சாதாரணம். சட்டெனக் குளிர்விக்கும்போது படிகத்தில் அணுக்கள் இல்லாத வெற்றிடங்கள் மிகையாகச் சிக்கிக்கொள்கின்றன. கலப்பு அணுக்கள் இவற்றின் துணையோடுதான் நகர்கின்றன. அந்த நகர்வுக்கான ஆற்றலைத் தோராயமாக 0.55 எலக்ட்ரான் வோல்ட் எனக் கொண்டு கணக்கிட்டால், 20இலிருந்து 38 டிகிரிக்குச் செல்லும்போது முதிர்வின் வேகம் சுமார் மூன்றரை மடங்காகிறது. அங்கே ஒரு நாளில் நடப்பது இங்கே ஏழு மணி நேரத்தில் முடிந்துவிடும். இது கணிப்புதான்; ஆனால் சோதிக்க எளிதானது, நம் ஊரிலேயே சோதிக்க வேண்டியது.

மக்னீசியமும் சிலிக்கானும் செறிந்த 6061 போன்ற கலவைகளில் அறை வெப்ப முதிர்வின் விளைவு கடுமையானது. குளிர்வித்த துண்டை கடினமாக்குவதற்காக உடனே 175 டிகிரி உலையில் வைக்காமல் மறுநாளுக்குத் தள்ளினால், அறை வெப்பத்திலேயே உருவாகும் அணுத்திரள்கள் பின்னர் வரவேண்டிய நுண்ணிய வீழ்படிவுகளைக் குறைத்துவிடுகின்றன. எட்ட வேண்டிய கடினத்தன்மை எட்டாமல் போகிறது. 6063 போன்ற மெலிந்த கலவைகளில் இந்தக் கெடுதல் குறைவு.

பழைய உலோகத்தை உருக்கும் வார்ப்பகங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. பழைய உலோகத்தோடு கலந்து வரும் இரும்பு திண்ம அலுமினியத்தில் 0.05 சதவீதத்துக்குமேல் கரையாது. மிஞ்சியது சிலிக்கானோடு சேர்ந்து தகடுகளாகத் திரள்கிறது. மெருகிட்ட பரப்பில் இவை ஊசிகளாகத் தெரியும். இவற்றால் பிரினெல் எண் சற்று உயரக்கூடும், ஆனால் வார்ப்பு எளிதில் உடையும். கடினத்தன்மை எண்ணை மட்டும் நம்பக்கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. அளவறிந்து மாங்கனீசு சேர்த்தால் அத்தகடுகளுக்குப் பதில் தீங்கு குறைந்த கிளை வடிவத் துகள்கள் உருவாகும்.

ஆகவே மதுரை வட்டார ஆய்வாளர்களிடம் ஒரு வேண்டுகோள். கலவை விகிதத்தோடு குளிர்நீரின் வெப்பம், ஆய்வகத்தின் வெப்பம், குளிர்விப்புக்கும் உலைக்கும் இடையே கழிந்த மணி நேரம் ஆகிய மூன்றையும் எழுதுங்கள். நுண்ணோக்கிப் படத்தையும் சேருங்கள். இவை இல்லாத கடினத்தன்மை அட்டவணையை இதழாசிரியர்கள் திருப்பி அனுப்ப வேண்டும்.