பழைய லாண்ட் றோவர்: எஞ்சினைத் திருத்துவதா, மாற்றுவதா?

கடந்த மாரியில் ஒருநாள், நெடுந்தீவிலிருந்து படகில் வந்த வயதான அம்மா ஒருவரைக் குறிகட்டுவான் இறங்குதுறையில் ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் புறப்பட்டேன். புங்குடுதீவையும் வேலணையையும் இணைக்கும் பாலத்தில் எங்கள் லாண்ட் றோவர் இழுவையை இழந்தது. பின்னால் நீலப் புகை. இருபுறமும் கடல். அரை மணித்தியாலம் காத்திருந்து, வந்த ஓட்டோவொன்றில் அவரை ஏற்றி அனுப்பினோம். அவர் சுகமாகத் திரும்பிவிட்டார். ஆனால் தள்ளிப்போட்டு வந்த முடிவை இனியும் தள்ள முடியவில்லை.

இதே கேள்வியோடு தீவகத்தில் இன்னும் பலர் இருக்கிறார்கள். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் திறக்கப்பட்டது. புதியது வாங்க வசதியில்லாதவர்கள் இருப்பதைத்தான் காப்பாற்ற வேண்டும். நான் அறிந்துகொண்டவற்றை இங்கே தருகிறேன்.

மண்ணெண்ணெய் குடித்த எஞ்சின்

எங்களுடையது 1958 இல் அறிமுகமான 2.25 லீற்றர் பெற்றோல் எஞ்சின் வகை. நான்கு சிலிண்டர், 2286 சிசி. 1990 இல் பொருளாதாரத் தடை வந்தபின் குடாநாட்டில் பெற்றோலைக் கண்ணால் காண்பதே அரிதானது. மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கார்களைப் போல இதுவும் ஒரு மூடி பெற்றோலில் ஸ்ரார்ட் ஆகி, மண்ணெண்ணெயில் ஓடியது. அமுக்க விகிதம் 7க்கு 1 என்று குறைவாக இருந்ததால் தாக்குப்பிடித்தது. 1995 இடப்பெயர்வில் எங்களையும் அயலில் இருந்த இரண்டு குடும்பங்களையும் தென்மராட்சிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்ததும் இதுதான்.

அதற்கு எஞ்சின் கொடுத்த விலை உள்ளே இருக்கிறது. மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல முழுதாக ஆவியாகாது. எரியாத மிச்சம் சிலிண்டர் சுவரிலுள்ள ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, சம்பிலுள்ள ஒயிலையும் நீர்த்துப்போகச் செய்யும். ரிங், சிலிண்டர், பெயாரிங் மூன்றும் தேயும். அந்த ஆண்டுகளில் ஓடிய வாகனம் உங்களிடம் இருந்தால் முதலில் பார்க்க வேண்டியவை இவை.

முதலில் அளவு, பிறகு பேச்சு

எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் பொனற்றைத் திறந்த உடனேயே, "உதைக் கழட்டிப் போட்டிட்டு ஒரு ஜப்பான் டீசலைப் போடு தம்பி, தலையிடி இல்லை" என்றார். அவர் சொன்னது பிழையென்று இல்லை. ஆனால் அப்போது எதுவும் அளக்கப்பட்டிருக்கவில்லை.

எஞ்சினைச் சூடாக்கி, எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, ஆக்சிலேற்றரை முழுதாக மிதித்தபடி ஒவ்வொரு சிலிண்டரின் அமுக்கத்தையும் அளக்க வேண்டும். குறைவாக உள்ளதில் ஒரு கரண்டி ஒயில் விட்டு மீண்டும் அளவுங்கள். அமுக்கம் ஏறினால் ரிங் அல்லது சிலிண்டர் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் மட்டும் குறைவாக இருந்தால் ஹெட் கஸ்கற் போயிருக்கலாம். பின்னைய இரண்டுக்கும் முழு எஞ்சினையும் பிரிக்கத் தேவையில்லை.

திருத்துவது எப்போது சரி?

புளொக்கில் வெடிப்பு இல்லாவிட்டால் திருத்தலாம். இந்த எஞ்சினுக்கு ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 10, 20, 30, 40 பங்கு பெரிதான பிஸ்டன்கள் உண்டு. ஒவ்வொரு முறையும் சிலிண்டரைக் கடைந்து அடுத்த அளவுக்குப் போகலாம். 40ஐயும் தாண்டினால் ஸ்லீவ் அடிக்கலாம். கிராங் தண்டையும் அதேபோலச் சாணை பிடித்து, அளவுக்கேற்ற பெயாரிங் போடலாம். 1980 வரை வந்தவற்றில் கிராங்கைத் தாங்குபவை மூன்று பெயாரிங்குகள், அதன்பின் ஐந்து. சாமான் வாங்கும்போது இதைச் சொல்ல மறக்க வேண்டாம்.

மாற்றுவது எப்போது சரி?

புளொக் வெடித்திருந்தால், அல்லது நாளாந்தம் கூலிக்கு ஓடுவதால் எரிபொருள் செலவு தாங்காவிட்டால் மாற்றலாம். கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய ஜப்பான் டீசல் எஞ்சின்கள் கிடைக்கும். ஆனால் எஞ்சினின் விலை மொத்தச் செலவில் ஒரு பகுதிதான். கியர் பொக்ஸோடு பொருத்தும் தகடு, மவுண்டிங், ரேடியேற்றர், சைலன்சர் குழாய், வயறிங், லேத் கூலி எல்லாம் சேரும். இழுவை கூடிய எஞ்சினைப் போட்டால் பழைய கியர் பொக்ஸும் பின் அச்சுத் தண்டுகளும் தாங்காமல் முறியும் ஆபத்தும் உண்டு.

பதிவுப் புத்தகம்

எஞ்சின் இலக்கமும் எரிபொருள் வகையும் பதிவில் உள்ளவை. மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதையும் மாற்றிப் பதிய வேண்டும். 2022 இல் கியூஆர் முறையில் எரிபொருள் பங்கிடப்பட்டபோது பதிவு விபரங்களே அடிப்படையாக இருந்தன. பதிவில் பெற்றோல், ஓடுவது டீசல் என்றால் அப்படியான காலத்தில் சிக்கல்தான். எஞ்சின் வாங்கும்போது பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள்.

தீவின் தண்ணீர்

எங்கள் எஞ்சினைப் பிரித்தபோது தண்ணீர் ஓடும் பாதைகளில் துரு கட்டியாக அடைத்திருந்தது. உவர்க் கிணற்றுத் தண்ணீரைப் பல வருடங்களாக ரேடியேற்றருக்கு ஊற்றியது நாங்கள்தான். அதனால் சூடு ஏறியது. சூடு தேய்மானத்தைக் கூட்டியது. திருத்தினாலும் மாற்றினாலும் மழைநீரோ காய்ச்சி வடித்த நீரோ, அதோடு கூலன்ற் சேர்த்தே ஊற்றுங்கள். இல்லாவிட்டால் புது எஞ்சினுக்கும் அதே கதிதான்.

நான் எடுத்த முடிவு

வெடிப்பு இல்லை. சிலிண்டர்கள் 40இல் சுத்தமாகின. நான் திருத்தினேன். இரண்டுக்கும் மதிப்பீட்டை எழுத்தில் வாங்கிப் பார்த்தபோது வேறுபாடு கூட இல்லை. என்னை முடிவெடுக்க வைத்தது வேறு: இந்த எஞ்சின் தீவுக்குள் நின்றால், வீட்டிலுள்ள சாவிகளாலேயே கார்பரேற்றரையும் பொயின்ற்றையும் கழற்றிச் சரிசெய்யலாம். டீசல் பம்ப் பழுதானால் பண்ணைப் பாலம் தாண்டித்தான் போகவேண்டும்.

இதில் இழப்பும் இருக்கிறது. பெற்றோல் செலவு குறையவில்லை. அடுத்த முறை கடைய இடமில்லை, ஸ்லீவ்தான். நாளுக்கு இரண்டு தடவை ஓடுபவர் என்றால் நான் டீசலையே சொல்வேன். யார் எதைச் சொன்னாலும், அளந்து பார்க்கும்வரை எஞ்சினைத் தூக்க விடாதீர்கள். மாற்றினாலும் பழைய புளொக்கை இரும்புக்கு விற்காமல் ஒயில் பூசி ஒரு மூலையில் வையுங்கள்.